வள்ளியம்மா பேரனும் என் பேரனும்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரன்ட்டு போயி தெருவுல எல்லாத் தறியும் ஒரே நேரத்துல நின்னுது. எங்க பக்கம் அப்பிடி ஒரு அமைதி வந்தா தொட்டில்ல இருக்கற குழந்தை அழும், திண்ணையில இருக்கற கிழவன் முழிச்சிக்குவான். நானும் முழிச்சிக்கினேன். பாத்தா என் பேரன் பக்கத்துல குந்தினு இருக்கான். கழுத்துல பெரிய ஹெட்போன் தொங்குது. மொகத்துல ஒரு தீர்மானம்.

"தாத்தா, நான் ஆல்பம் போடப்போறேன்."

"பொண்ணு யாருடா?"

எங்க காலத்துல ஆல்பம்னா கல்யாணம் முடிஞ்சி மூணு மாசம் கழிச்சி போட்டோக்காரன் குடுக்கறது. பாக்கிப் பணம் கைக்கு வராம குடுக்க மாட்டான். பையன் தலையில அடிச்சிக்கினான். "அது இல்ல தாத்தா, ராப் ஆல்பம். என் முதல் ஆல்பம். மனசுல இருக்கறதெல்லாம் எமோஷனலா, உண்மையா சொல்லப்போறேன். ஒளிவு மறைவே கிடையாது"ன்னான். அப்பறம்தான் தப்புப் பண்ணான். "நீ இன்னா சொல்ற?"ன்னு கேட்டுட்டான்.

கேட்டுட்ட இல்ல நைனா, இப்ப குந்திக் கேளு. கரன்ட்டு வர எப்பிடியும் ஒரு மணி நேரம் ஆவும்.

முதல்ல நீ போட்டுக் காமிச்ச பாட்டுக்கு வரேன். மூணு நிமிஷப் பாட்டு. அதுல நீ ரெண்டு தடவ செத்துப் போய் ஒரு தடவ எழுந்து வர்ற. தெருவெல்லாம் ரத்தம்ன்ற. நம்ம தெருவு ரத்தம் பாக்கறது ஆடி மாசம் அம்மனுக்குக் கெடா வெட்டும்போது. அத்தையும் உங்க ஆயா ரெண்டு கொடம் தண்ணி ஊத்தி அப்பவே கழுவிடுவா. எனக்கு யாருமே இல்லன்னு உருகற. நீ உருகிக்கினு இருக்கும்போதே உங்கம்மா கதவத் தட்டி, தோசை ஆறுதுடான்னு கூப்புட்ட சத்தம் பின்னால விழுந்திருக்கு. அந்தப் பாட்டுல உண்மைன்னு ஒண்ணு இருந்தா அதுதான். அத்த மட்டும் எடுத்துடாத.

உன் துக்கம் இன்னான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்காத. காலையில அரக்கோணம் ரயில்ல கூட வர்ற பொண்ணு. நீ அனுப்பினத பாத்துட்டா, ரெண்டு நீல டிக்கு விழுந்துது, பதில் வரல. பதினோரு நாளாச்சி. நானும் எண்ணிக்கினுதான் இருக்கேன். அத்த அப்பிடியே சொல்ல வெக்கப்பட்டுக்கினு அதுக்கு மேல ரத்தம், துப்பாக்கி, சாவுன்னு நாலு போர்வை போத்தி வெச்சிருக்க. புழுக்கம் தாங்கல, உள்ள இருக்கறது மூச்சு முட்டுது.

அடுத்தது, தறிச் சத்தம் எங்கள் இதயத் துடிப்புன்னு ஒரு வரி. இதயம் அந்த வேகத்துல துடிச்சா 108-க்கு போன் போடணும் கண்ணு. நாப்பது வருஷம் விசைத்தறி ஓட்டினவன் நான். பாவு அறுந்தா முடி போடுவேன், நாடா எகிறினா குனிஞ்சிக்குவேன், வேற ஒண்ணும் தெரியாது. எனக்கு அந்தச் சத்தம் கூலி. தறி ஓடினா சோறு, நின்னா கடன். என் இடது காது பாதி செத்ததும் அதாலதான். நீ சின்னப் புள்ளையில அந்தப் பக்கம் குந்தி கதை சொல்லுவ, நான் கேக்காமயே தலையாட்டினு இருப்பேன். உனக்கு அது தெரியாது. தெரிஞ்சிருந்தா துடிப்பு மண்ணாங்கட்டின்னு எழுதியிருக்க மாட்ட.

ராப்பு எப்பிடிப் பொறந்துதுன்னு போன தீபாவளிக்கு நீதான் சொன்ன. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்ல பிராங்க்ஸ். கூல் ஹெர்க்குன்னு ஒரு பையன், ஜமைக்காவுலேர்ந்து வந்த குடும்பம். அவன் தங்கச்சி சிண்டிக்கு ஸ்கூல் திறக்கறதுக்குள்ள புதுத்துணி எடுக்கக் காசு வேணும். அதுக்காக அவங்க குடியிருந்த கட்டடத்துல ஒரு ஆட்டம் பாட்டம் வெச்சி, பொம்பளைப் புள்ளைங்களுக்கு 25 சென்ட்டு, பசங்களுக்கு 50 சென்ட்டுன்னு வசூல் பண்ணாங்க. அண்ணன் ரெக்கார்டு சுத்தினான். எனக்கு அந்தக் கதையில புடிச்சதே அந்தத் துணிதான். பாட்டுக்கு உலகத்த மாத்தற எண்ணம் ஒண்ணும் இல்ல, ஒரு பொண்ணுக்குப் பாவாடை எடுக்கணும். நீயோ துணி நெய்யற வூட்டுல பொறந்துட்டு, பாட்டுல எங்கியோ சீமைச் சந்துல நிக்கற.

அரக்கோணத்துக்கு டெய்லி போற இல்ல? நம்ம திருத்தணியிலேர்ந்து 13 கிலோமீட்டர். அந்த ஊரு ஆளு ஒருத்தர் இருக்காரு, அறிவு. முழுப் பேரு அறிவரசு கலைநேசன். வயசுல எனக்குப் பேரன் மாதிரிதான், ஆனா அவன் இவன்னு சொல்ல வாய் வரல. நீ எனக்கு போன்ல போட்டுக் குடுத்துட்டு நான் தூங்கிட்டேன்னு எழுந்து போன பாரு, அன்னிக்கு நான் தூங்கல. நல்ல காதுப் பக்கம் வெச்சிக்கினு முழுசாக் கேட்டேன்.

அவரு பெத்தவங்க வாத்தியாருங்க. இவரு இன்ஜினியரிங் படிச்சவரு. 2018 ஜனவரியில பா. ரஞ்சித்தோட நீலம் அமைப்பு சென்னையில மேடை ஏத்துன கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கூட்டத்துல ஒரு குரல் இவரு. 2019-ல ஆஃப்ரோன்னு ஒரு சிநேகிதரோட சேந்து முதல் ஆல்பம், பேரு 'தெருக்குரல்'. வள்ளுவரு திருக்குறளுக்கு மூணு எழுத்து மாத்தி தெருவுல இறக்கிவிட்டாரு. தூத்துக்குடியில 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டுல செத்த ஸ்னோலின்ன்ற பொண்ணு பேர்ல அதுல ஒரு பாட்டே இருக்கு. நீ தெருவுல ரத்தம்னு பாடற பாரு, அந்த வார்த்தைய அவரு பாடினா அதுக்குத் தேதி இருக்கு, ஊரு இருக்கு, ஒரு பொண்ணு பேரு இருக்கு. உன்னுது வாடகைக்கு எடுத்த ரத்தம்.

அப்பறம் 2021 மார்ச்சுல 'எஞ்சாய் எஞ்சாமி'. நம்ம ஊரு டீக்கடையிலேர்ந்து துபாய் வரைக்கும் அதான் ஓடிச்சி. எஞ்சாமின்னா இன்னான்னு உன் சிநேகிதனுங்க மண்டைய ஒடச்சிக்கினானுங்க. உங்க ஆயா உன்ன எழுப்பறதே அப்பிடித்தானே: எஞ்சாமி, எழுந்துருடா, மணி எட்டாச்சி. அந்த வார்த்தையில ரெண்டு வாசம் இருக்கு நைனா. பண்ணையில வேலை செஞ்சவங்க எசமானப் பாத்து கும்புட்டுச் சொன்னதும் அதான், பேரனை மடியில போட்டுக்கினு கொஞ்சினதும் அதான். கும்புட்ட வாயும் கொஞ்சின வாயும் ஒரே கிழவி வாய். அத்த ஒருத்தரு புடிச்சிக் காட்டினாரு பாரு, அன்னிக்கு எனக்கு ரெண்டு நாளு மனசு சரியில்ல. உங்க ஆயா கேட்டா வாயுன்னு சொல்லிட்டேன்.

அந்தப் பாட்டு உலகம் சுத்துச்சி. ஆனா அத்த வெச்சி ஒரு பத்திரிகை அட்டை போட்டப்ப, வரி எழுதினவரு மொகம் அதுல இல்லன்னு சண்டையே வந்துது. நீயா இருந்தா இன்னா பண்ணியிருப்ப? உன்ன ஏமாத்தினவங்களத் திட்டி பத்துப் பாட்டுப் போட்டிருப்ப, இல்ல? இவரு 2024-ல தனியா ஒரு ஆல்பம் இறக்கினாரு, பன்னெண்டு பாட்டு. பேரு 'வள்ளியம்மா பேராண்டி'.

வள்ளியம்மா அவரோட பாட்டி. இலங்கையில தேயிலைத் தோட்டத்துல கெடந்து உழைச்சிட்டுத் திரும்பி வந்த சனம். அந்த சனத்தோட கணக்கு உனக்குத் தெரியுமா? 1964 அக்டோபர்ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் குந்தி கையெழுத்துப் போட்டாங்க. 5,25,000 பேரு இந்தப் பக்கம், 3,00,000 பேரு அந்தப் பக்கம், மிச்சம் 1,50,000 பேர அப்பால பாத்துக்கலாம். சந்தையில ஆடு பிரிக்கறவன் கூட கொம்பப் புடிச்சிப் பாத்துட்டுப் பிரிப்பான். இவங்கள ஒரு வார்த்தை கேக்கல.

இப்ப அந்த ஆல்பத்துப் பேர கவனி. ராப் பாடறவனுங்க தனக்கு வெச்சிக்கற பேரு எல்லாம் இன்னா? கிங்கு, டானு, பாஸு. இவரு வெச்சிக்கினது பேராண்டி. ராஜான்னு நானே கூட சொல்லிக்கலாம், யாரு கேக்கப்போறா? பேராண்டின்னு சொன்னா சாட்சிக்கு ஒரு கிழவி வேணும். அவ வந்து, ஆமா, இவன் இடுப்புல மூத்திரம் பேஞ்சவன்தான்னு சொல்லணும். அப்பிடி ஒரு சாட்சிய வாசப்படியிலயே குந்தவெச்சிட்டு அப்பால உள்ள போய்ப் பாடினாருன்னா, அந்தாளால பொய் சொல்ல முடியுமா?

அது கெடக்கட்டும், நான் வயசுல கட்டியக்காரன் வேஷம் கட்டினவன், உனக்குத் தெரியும். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து. அதுல ராஜா எப்பிடி வருவான்? ரெண்டு பேரு திரை புடிச்சிக்குவாங்க. பின்னால நின்னு சலங்கைய உதறி உதறி தன் பேரு, தன் நாடு, தன் வில்லு, தன் வீரம் எல்லாத்தையும் தானே பாடுவான். முகவீணை கீச்சு கீச்சுன்னு கத்தும், மத்தளம் கிழியும். திரைய விலக்கிப் பாத்தா, நம்ம மூலைக்கடையில சோடா விக்கிற ஆளு. அங்க நான் உள்ள பூந்து கேப்பேன்: மகாராஜா, அம்பத்தாறு தேசத்தையும் ஆள்றீங்க, ரொம்ப சந்தோஷம், நேத்து வாங்கின பீடிக் கட்டுக்கு எப்ப காசு? சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அப்பிடி சிரிச்ச சனம்தான் விடியக்காலம் துரியோதனன் தொடை ஒடிஞ்சி கெடக்கும்போது மூக்கச் சிந்தும். வெறும் வீரத்தையே பாடிக்கினு இருந்தா ஒருத்தனும் அழ மாட்டான், எழுந்து டீ குடிக்கப் போயிடுவான்.

உங்க ராப்பும் அதே திரைதான். நான் யாரு தெரியுமான்னு ஆரம்பிக்கறான், அவன் காரு, அவன் சங்கிலி, அவன் எதிரி. குத்தமில்ல, ராஜா அப்பிடித்தான் வரணும். ஆனா உங்காளுங்க திரைக்குப் பக்கத்துல பீடிக் காசு கேக்கறவன் எவனும் இல்ல. அந்த வேலையையும் பாடறவனே பாத்துக்கணும், அதான் கஷ்டம். நாஸுன்னு ஒருத்தன் அமெரிக்காவுல, 1994-ல 'இல்மாட்டிக்'ன்னு முதல் ஆல்பம் போட்டப்ப வயசு இருவது. அட்டையில வீராவேசமா நிக்கல, தன் சின்னப் புள்ளை மொகத்தப் போட்டுக்கினான். பெத்த அப்பனைக் கூப்புட்டு ஒரு பாட்டுல ஊதச் சொன்னான், அவரு ஜாஸ் வாசிக்கறவரு. நீ அட்டைக்கு எடுத்து வெச்சிருக்கற போட்டோவ உங்கப்பன் பாத்தான். ரேஷன் கார்டு தொலைஞ்சி போனவன் மாதிரி இருக்கறான்னு சொன்னான்.

முதல் ஆல்பம் போடறதுக்கு நம்ம மலைய விட ராசியான எடம் கிடையாது, அதையும் சொல்லிடறேன். முத்துசாமி தீட்சிதரு, 1775-ல பொறந்தவரு, முதல் பாட்டு எங்க போட்டாருன்ற? இங்கதான், திருத்தணியில. ஒரு வயசான ஆளு வந்து, வாயத் தொறன்னு சொல்லி கற்கண்டு போட்டாராம், அந்த இனிப்புல மாயாமாளவகௌளை ராகத்துல பாட்டு பொறந்துச்சாம். அது ஒண்ணோட நிக்கல. எட்டு வேற்றுமைக்கு எட்டுப் பாட்டு. கணக்குப் பாத்தா அதுவும் ஒரு ஆல்பம்தானே? பாட்டுக்குள்ள முத்திரை வெக்கறதும் அவருக்கு உண்டு, ஆனா தன் பேர வெக்கல, குருகுகன்னு சாமி பேர வெச்சாரு. நீ மூணு நிமிஷத்துல உன் பேர ஒம்போது தடவ சொல்ற. நடுவுல ஒரு தடவ மறந்து போயிட்டியோன்னு எனக்கே சந்தேகம் வந்துது. அவரு வாயில கற்கண்டு, உன் வாயில சூயிங்கம்.

சரி, மலைக்குப் போய் வேண்டிக்கினு ஆரம்பிக்கப்போறேன்னு சொல்ற. போ. 365 படி. நான் வருஷா வருஷம் டிசம்பர் 31 படித் திருவிழாவுக்குத் திருப்புகழ் கோஷ்டியோட ராத்திரி முழுக்க ஒவ்வொரு படியா ஏர்றவன். ஆனா ஒண்ணு யோசிச்சிக்க. அந்தச் சாமி கோவம் தணிஞ்சி குந்தின எடம், அதால தணிகை. நீ அங்க போய் கோவமாப் பாட வரம் கேக்கற. இன்னொண்ணு, உண்மையப் பாட வரம் கேக்கற. அவரு வள்ளிய எப்பிடிக் கட்னாரு? தினைப்புனத்துல கிளி ஓட்டிக்கினு இருந்த பொண்ணுகிட்ட கிழவன் வேஷம் போட்டுப் போனாரு. பசிக்குதுன்னு தேனும் தினைமாவும் வாங்கித் தின்னாரு, விக்குதுன்னு தண்ணி கேட்டாரு, கடைசியில அண்ணன யானையா வரச்சொல்லி பயங்காட்டினாரு. எல்லாம் பொய். நல்லவேளை அவருக்கு நீல டிக்கு தொல்லை இல்ல. கிழவன் சொல்ற பேச்ச ரவ சந்தேகத்தோட கேக்கணும்ன்றது நம்ம ஊருத் தல புராணமே சொல்லுது. என் பேச்சையும் சேத்துத்தான்.

அருணகிரிநாதரு கதை மட்டும் வேற. தான் கெட்டுத் திரிஞ்சத ஒளிக்காம பாட்டுக்குள்ளயே கொட்டினவரு, அதுவும் நாக்கு சுளுக்கிக்கற சந்தத்துல. நம்ம தணிகைக்கும் நெறையப் பாடியிருக்காரு. பஜனை கோஷ்டி பசங்களே நடுவுல மூச்சு வாங்குவானுங்க. நீ ஒரு மார்கழி அவங்க பின்னால நின்னு தாளம் போடு, மூச்சு எங்க எடுக்கணும்னு அங்க தெரியும். ஆட்டோட்யூனுக்கு அது தெரியாது.

அப்பால உன் பாஷை. அது இன்னாடா நைனா, சென்னையும் இல்லாம அமெரிக்காவும் இல்லாம, பல்லு புடுங்கினவன் பேசறா மாதிரி? நான் பொறந்தது ஆந்திராவுல. அதே வூடுதான், அதே திண்ணைதான். சித்தூர் ஜில்லாவுல இருந்த திருத்தணிய ம.பொ.சி. மாதிரி ஆளுங்க மல்லுக்கட்டி 1960 ஏப்ரல் 1 மதராஸ் ராஜ்ஜியத்துல சேத்தாங்க. எனக்கு ஆறு வயசு. ராத்திரி ஆந்திராவுல படுத்து காலையில மதராஸ்ல எழுந்தேன், பல்லு கூட வெளக்கல. ஏப்ரல் ஒண்ணுன்றதால எங்கப்பன் ரெண்டு நாளு நம்பவே இல்ல. கோடு மாறிச்சி, நாக்கு மாறல. இன்னிக்கும் எங்க தலைமுறை கணக்குப் போடறது தமிழ்ல, சாபம் குடுக்கறது தெலுங்குல. அந்தக் கலப்படம் உன் வாயில தானா இருக்கு. ரயில்ல பொண்ணு பக்கத்துல வந்து நின்னப்ப உனக்கு வார்த்தை வராம "ஏமி"ன்னு கேட்டுட்டியாமே? அந்த "ஏமி"ய வுட்டுட்டு எதுக்குடா அந்நியன் மாதிரி பாடற?

கடைசியா உங்க ஆயாவுக்கு நீ எழுதின பாட்டு. நேத்து ஒரே ராத்திரியில எழுதிட்ட. வேகம்தான். அதுல உங்க ஆயா மெழுகுவத்தி, ஆயா தெய்வம், ஆயா பொறுமைக் கடல். யாருடா இந்தப் பொம்பளை? நான் அம்பது வருஷமா குடித்தனம் பண்றேன், எனக்கே அறிமுகம் இல்ல.

போன வாரம் எதிர் வூட்டு ஆடு வந்து அவ கீரைப் பாத்திய மேஞ்சிட்டுப் போச்சி. நீ வூட்டுல இருந்த, ஆனா காதுல சாமான மாட்டினு இருந்த. இவ வாசல்ல வந்து நின்னா. முந்தானைய இடுப்புல சொருவினா. வெத்திலைய ஓரமாத் துப்பிட்டு, தொடப்பத்த கையில மாத்திக்கினு, ஆரம்பிச்சா பாரு: மேஞ்ச ஆட்டுக்கு நாலு காலு, மேயவுட்ட உனக்கு ரெண்டு காலு, ஆறு காலையும் ஒடிச்சி அடுப்புல வெச்சி அந்த சாம்பல்ல கீரை போடலன்னா எங்கப்பனுக்கு நான் பொறக்கலடி! ஒரு மூச்சு. காலுக்கு காலு தொடப்பம் தரையில தட்டுது, சரியா அந்த எடத்துல. அதுக்கு அப்பால அந்த வூட்டு மூணு தலைமுறையையும் வரிசை தப்பாம இழுத்தா, 1987-ல அவங்க வாங்கின அரைப்படி உளுந்து வரைக்கும். பீட்டு இல்ல, மைக்கு இல்ல, எதிர்ல வாய் இல்ல. முடிச்சிட்டு உள்ள வந்து சொம்புத் தண்ணி குடிச்சா. அப்பறம் ஒரு கிண்ணத்துல ரெண்டு அகப்பை கொழம்ப ஊத்தி, அந்தப் பொம்பளைக்கு ஜொரமாம், குடுத்துட்டு வான்னு என்ன அனுப்பினா.

இத்த எழுதறவன் தான் பேராண்டி. மெழுகுவத்திய கோயில்ல வெச்சிட்டு வா.

இத்தனையும் நான் பேசி முடிக்கறதுக்குள்ள கரன்ட்டு வந்துட்டுது, தறி கெளம்பிட்டுது, அவன் ஒண்ணும் சொல்லாம எழுந்து போயிட்டான். கோவமோன்னு நெனச்சேன். நாலு நாளா ரூம்ல கதவ சாத்திக்கினு முணுமுணுன்னு சத்தம். ஆயாவ ஒரு தடவ உள்ள கூப்புட்டான், அரை மணி நேரம் கழிச்சி அவ சிரிச்சிக்கினே வெளிய வந்தா, இன்னா விஷயம்னா சொல்ல மாட்டேன்ட்டா. நேத்து சாயங்காலம் எங்க ரெண்டு பேரையும் குந்தவெச்சி புதுப் பாட்டப் போட்டான். ஆடு வருது, ஆறு காலு வருது, நடுவுல அவ குரலே வருது, தொடப்பம் தட்டற சத்தத்த தாளமா வெச்சிருக்கான். பதினோரு நாளு, இல்ல, பதினஞ்சு நாளு நீல டிக்கு வருது. "ஏமி"யும் வருது. என் இடது காதும் வருது. அங்க நான் ரவ நேரம் தோட்டத்துப் பக்கம் பாத்துக்கினு இருந்தேன்.

அதுக்கு அடுத்த வரி: எங்க தாத்தா டிசம்பர் 31 ராத்திரி மலை மேல ஆட்டோவுல ரோட்டு வழியா போவாரு, எறங்கும்போது மட்டும் படியில நடந்து வந்து வேட்டிய ஒதறிக்கினு முட்டி வலிக்குதும்பாரு, 365-ம் அவருக்கு எறக்கம்தான்.

"டேய், அந்த வரிய எடுத்துடு. பாட்டுல தாளம் இடிக்குது"ன்னேன்.

"இடிக்கல தாத்தா, கரெக்டா குந்துது"ன்னான்.

அவன் ஆயா வெத்திலைப் பெட்டிய மூடி வெச்சிட்டு நிமுந்து குந்தினா. "அந்த ஆட்டோவ இன்னொரு தரம் போடு எஞ்சாமி"ன்னா.